ஏரிக்கரைத் தெருவுக்கு நாற்பது அடுப்பு

மேட்டுத்தாங்கல்,
ஒரகடம் வழி.
14.7.1991

அன்புள்ள அக்காவுக்கு எழிலரசி எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான், எருமை நால்வரும் சுகம். நெய்வேலியில் நீயும் மாமாவும் உன் மாமியார் அத்தையும் சுகமா? உள்ளே இருப்பவர் உதைக்கத் தொடங்கிவிட்டாரா? இது ஐந்தாம் மாதம் என்று அம்மா தினமும் விரல்விட்டு எண்ணுகிறாள்.

நேற்று அத்தையிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வளைகாப்பும் பிரசவமும் நெய்வேலியிலேயே நடக்குமாம். “உங்கள் தெருவுக்குள் டாக்ஸி வராது. வலி எடுத்தால் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுவீர்களா? தலைதீபாவளிக்கு வந்தபோது சேற்றில் போன என் இடதுகால் செருப்பு இன்னும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா அதை நான்கு முறை படித்தாள். பிறகு குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

“தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வூட்டுக்கு வரலைன்னா நான் தெருவுல எப்படித் தலை காட்டுறது?” என்றாள்.

“அந்தத் தெருவுல காலையே காட்ட முடியலையே” என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது, அக்கா. செவ்வாய்க்கிழமை ஒரு தூறல் போட்டதற்கே நம் எருமை பள்ளிக்கூடத்து மூலையில் சிக்கிக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஆகவே ஏரிக்கரைத் தெருவுக்குச் சாலை கேட்டு ஒன்றிய ஆணையருக்கு மனு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கிளை நூலகத்தில் மனு எழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. நாளையே எடுத்துவிடுவேன்.

உன் அன்புத் தங்கை,
எழிலரசி


நெய்வேலி,
22.7.1991

அன்புள்ள எழிலுக்கு அக்கா தேன்மொழியின் ஆசிகள்.

உங்கள் நால்வரின் சுகம் அறிந்து மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். உன் மாமாவுக்கு இந்த வாரம் சுரங்கத்தில் இரவு ஷிப்டு. உள்ளே இருப்பவர் ஷிப்டு பார்க்காமல் உதைக்கிறார்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அத்தை என்னைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று புளி, காரம், கருவாடு எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை. நெய்வேலித் தெருக்கள் கோடு போட்டதுபோல் இருக்கின்றன. பிரசவம் எங்கே நடந்தால் என்ன? அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்ததே, அப்பா சரிசெய்துவிட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா,
தேன்மொழி

பி.கு.: எழில், உன் கடிதத்தை முதலில் பிரித்துப் படிப்பது நான்தான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, என் கண்ணாடி பழசு. உப்பு விஷயத்தையும் படித்தேன். — சந்திரம்மாள்


மேட்டுத்தாங்கல்,
4.8.1991

அன்புள்ள அக்காவுக்கும், முதலில் படிக்கும் அத்தைக்கும் வணக்கம்.

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா, அத்தை? இங்கே அனைவரும் சுகம். எருமை கன்று போட்டுவிட்டதால் இப்போது ஐவர்.

நானும் அப்பாவும் சைக்கிளில் ஒன்றிய அலுவலகம் போய்வந்தோம். என் மனு ஆறு பக்கம். முன்னுரை, மழைக்காலம், கோடைக்காலம், எருமை, முடிவுரை என்று தலைப்புப் போட்டிருந்தேன். எழுத்தர் கோதண்டராமன் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, மனுவா, முழுப்பரீட்சையா?” என்றார். ஆனால் எருமைப் பகுதியை உட்கார்ந்து முழுதாகப் படித்தார்.

ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் இப்போது எல்லாம் ஆணையர் கையில்தான். அவர் நல்ல மனிதர். இந்த வருடம் நம் ஊருக்கு ஒரே ஒரு சாலைதானாம். கேட்பவர்கள் இரண்டு பேர். ஒன்று நாம். இன்னொன்று மனை வியாபாரி தசரதன். வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தை வாங்கி அறுபது கல் நட்டுத் ‘தசரதன் நகர்’ என்று பலகை வைத்திருக்கிறாரே, அவர்தான். வரைபடத்தில் பூங்கா, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் இருக்கின்றன. போகும் வழியில் பார்த்தேன். பூங்காவில் ஓர் ஆடு இருந்தது.

“நாப்பது குடும்பத்துக்குக் குறையாம இருக்கிற தெருவுக்குத்தான் ரோடு போடலாம்னு உத்தரவு. உங்க தெருவுல எத்தனை?” என்று கேட்டார் ஆணையர்.

“இருபத்தொம்பது வூடு சார்” என்றார் அப்பா. அவர் குரல் இறங்கிவிட்டது.

வெளியே வரும்போது கோதண்டராமன் பின்னாலேயே வந்தார். “வூட்ட ஏன் எண்றீங்க? உத்தரவுல குடும்பம்னுதானே கீது. தனியா அடுப்பு எரிஞ்சா தனிக் குடும்பம். ரேஷன் கார்டுக்கே அதான கணக்கு” என்றார்.

அப்பா பாதி வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

“எழிலு, ஒரு அடுப்புக்கு எத்தினி செங்கல்லு?”

“மூணுப்பா.”

“பதினோரு அடுப்புக்கு?”

“முப்பத்திமூணு.”

“அவ்ளோதாம்மா ரோடு” என்றார்.

ஆணையர் இந்த மாதம் நேரில் பார்க்க வருகிறார்.

உன் அன்புத் தங்கை,
எழிலரசி


நெய்வேலி,
11.8.1991

அன்புள்ள எழிலுக்கு,

நலம். கன்றுக்குட்டிக்கு என் முத்தம். நீ எழுதியதை அத்தை படித்துவிட்டு என்னையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். உன் மாமா சிரித்தார். அத்தை பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

மாமரத்து மேல் கிளையில் இந்த வருடமும் தூக்கணாங்குருவி வந்ததா? கட்டில்கால் பற்றி நீ பதில் எழுதவில்லை. அவசரமில்லை.

அக்கா,
தேன்மொழி

பி.கு.: அடுப்பைப் பிரிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை என்று உன் அப்பாவிடம் சொல். நான் முப்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள். — சந்திரம்மாள்


மேட்டுத்தாங்கல்,
24.8.1991

அன்புள்ள அக்காவுக்கும் அத்தைக்கும் வணக்கம். உங்கள் சுகத்தை விரும்பும் எழிலரசி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு கூட்டுக் குடும்பங்களை அப்பா சம்மதிக்க வைத்தார். எதிர்வீட்டு முனியம்மாள் பெரியம்மாதான் கடைசியில் ஒப்புக்கொண்டார். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள் இருக்கும் அந்த வீட்டில் பதினாறு வருடமாகக் கரண்டி அவர் கையைவிட்டு இறங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

“நாடகம்தானே ரத்தினம்? ஆபீசர் ஜீப்பு திரும்புனதும் அணைச்சுடணும், இன்னா?” என்று அப்பாவிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டார். மூத்த மருமகள் சின்னப்பொண்ணு அண்ணிக்கும் மற்ற இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொரு மூலை பிரித்துக் கொடுத்தார்.

ஆடி மாதத்திலேயே எல்லா அடுப்பும் தயார். ஆனால் ஆடியில் யாரும் புது அடுப்புப் பற்றவைக்க மாட்டார்களே! ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்தார்கள். வியாழக்கிழமை என்று வந்தது. ஆணையர் வருவதாகச் சொன்னதும் அதே வியாழக்கிழமைதான், மாலை நான்கு மணிக்கு. காலையில் பற்றவைத்தால் மாலைக்குள் கொஞ்சம் கரி பிடித்துவிடும் என்று அப்பா கணக்குப் போட்டார்.

புது அடுப்பு என்றால் முதலில் பால் பொங்க வேண்டும் அல்லவா? “நாடகத்துக்கு எதுக்குப் பாலு?” என்று அப்பா கேட்டதற்குத் தெருவே அவரை முறைத்தது. ஆகவே பதினோரு அடுப்பிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து, காலை ஒன்பதரைக்கு, ஆணையர் வந்துவிட்டார். மாலையில் அவருக்கு வேறு கூட்டமாம். ஜீப் தெருமுனையிலேயே புதைந்துவிட்டது. அவரும் கோதண்டராமனும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். பின்னாலேயே தசரதன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பால் பொங்கும் வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புவார்களா? முதல் புது அடுப்பில் ஒரு தம்ளர் பால் கொடுத்தார்கள். குடித்தார். அடுத்ததிலும் கொடுத்தார்கள். ஐந்தாவது தம்ளருக்குப் பிறகு ஆணையர் சின்னப்பொண்ணு அண்ணியின் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

“இன்னிக்கு இந்தத் தெருவுல என்ன விசேஷம்? போற இடமெல்லாம் பால் பொங்குது?”

“நல்ல நாளு சார்” என்றார் முனியம்மாள் பெரியம்மா.

“நீங்க எத்தனை வருஷமா தனிக் குடித்தனம்மா?” என்று அண்ணியைக் கேட்டார்.

மூன்று வருடம் என்று சொல்லும்படி நான் எல்லோருக்கும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அண்ணி அடுப்பைப் பார்த்தார். பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

“பால் பொங்கறப்போ பொய் சொல்லக்கூடாது சார். காலைல ஒம்பது மணிலேந்து.”

“அடிப்பாவி! ரோட்டையும் பாலோட சேத்துப் பொங்க வுட்டுட்டியேடி!” என்று பெரியம்மா கத்தினார்.

“பாத்தீங்களா சார், மோசடி!” என்று தசரதன் குதித்தார்.

“உன் நகர்ல ஒரு அடுப்பாவது கீதாய்யா?” என்று கோதண்டராமன் கேட்டார்.

“வாட்ச்மேன் பீடி பத்த வெப்பாரு” என்றார் அப்பா.

ஆணையர் சிரித்துச் சிரித்து அங்கிருந்த உரலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சொன்னார்: “தனியா எரியணும்னுதான் உத்தரவு. எப்போலேந்துன்னு அதுல இல்லை. ஆனா ஒரு நாள் எரிஞ்சா அது அடுப்பு இல்லை. ஒரு மாசம் கழிச்சு, சொல்லாம வருவேன். நாப்பதும் எரிஞ்சா உங்களுக்கு ரோடு. ஒண்ணு அணைஞ்சிருந்தாலும் அவருக்கு.”

ஆக, ஒரு மாதம், அக்கா. பெரியம்மா இன்றுவரை அப்பாவிடம் பேசவில்லை.

உன் அன்புத் தங்கை,
எழிலரசி


நெய்வேலி,
1.9.1991

அன்புள்ள எழிலுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை உன் மாமா சுரங்கத்துக்கு எடுத்துப்போய் ஷிப்டு முழுவதும் படித்துக் காட்டிவிட்டார்.

ஒன்பதாம் தேதி வளைகாப்பு. அப்பாவையும் அம்மாவையும் எதிர்பார்க்கிறோம். உனக்குக் காலாண்டுத் தேர்வு என்பதால் வரமுடியாது, தெரியும். உன் பங்கு வளையலை எடுத்துவைக்கிறேன்.

எல்லாம் எழுதினாய், ஒன்றை மறந்துவிட்டாய். சின்னப்பொண்ணு அண்ணி அன்று மதியம் அந்த அடுப்பில் என்ன சமைத்தார்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா,
தேன்மொழி

பி.கு.: அவள் என்ன சமைத்தால் நமக்கென்ன? இனிமேல் படிப்பைப் பற்றி எழுது. — சந்திரம்மாள்


மேட்டுத்தாங்கல்,
15.9.1991

அன்புள்ள அக்காவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பதை வளைகாப்புக்கு வந்த அம்மாவே பார்த்துவிட்டதால் இந்த முறை விசாரிக்கவில்லை.

படிப்பு: கணக்கில் எண்பத்தொன்று, தமிழில் தொண்ணூற்று நான்கு. மற்றத் தாள்கள் இன்னும் வரவில்லை. படிப்பைப் பற்றி முடிந்தது.

சின்னப்பொண்ணு அண்ணி சமைத்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டது. அந்த வீட்டில் பெரியம்மாவுக்குக் கருவாட்டு வாசனை பிடிக்காது என்பதால் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைச் சாப்பிட்டதே இல்லையாம். புளியைக் கெட்டியாகக் கரைத்து, சின்ன வெங்காயத்தை முழுதாகப் போட்டிருந்தார். எண்ணெய் மேலே மிதந்தது. எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். நான் சாதத்தை முடித்தபிறகும் விரலை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அம்மா நெய்வேலியிலிருந்து திரும்பிய அன்று குழம்பில் உப்பே போடவில்லை. வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துவராமல் வெறும் கையோடு வந்தவள் தெருவில் நான் ஒருத்திதான் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். கட்டில்கால் இப்போது ஆடவில்லை. சும்மாதான் சொல்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
எழிலரசி


மேட்டுத்தாங்கல்,
6.10.1991

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நீ எழுதி ஐந்து வாரம் ஆகிறது. நான் கருவாட்டைப் பற்றி அதிகமாக எழுதிவிட்டேனோ? அத்தை கோபமாக இருந்தால் மன்னிக்கவும். இதைப் படித்ததும் சந்தோஷப்படுவார்கள்.

ஆணையர் செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி சொல்லாமல் வந்தார். இந்த முறை பால் இல்லை. சட்டிகளைக் கவிழ்த்து அடியில் கரி பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். எண்ணி முடித்தபோது நாற்பத்தொன்று! கோடி வீட்டில் ஒரு தம்பதி யாரும் கேட்காமலேயே தனி அடுப்புப் போட்டிருந்தார்கள். ஆணையர் எங்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். மழைக்குமுன் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி உருட்டிவிடுவார்கள். தார் அடுத்த வருடம்.

ஜீப் திரும்பியதுமே பெரியம்மா, “நாடகம் முடிஞ்சுது, அணைங்கடி!” என்றார். மூன்று மருமகள்களும் உள்ளே போனார்கள். நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். மூன்று மூலையிலிருந்தும் புகை முன்னைவிட அதிகமாக வந்தது.

“பால் பொங்குன அடுப்ப அணைச்சா குடும்பத்துக்கு ஆகாது அத்தே. நீங்கதானே சொன்னீங்க” என்று சின்னப்பொண்ணு அண்ணி உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

பெரியம்மா இரண்டு நாள் வெறுங்கரண்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மூன்று அடுப்பிலிருந்தும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. இப்போது சாப்பிட்டுவிட்டு எதில் உப்புக் குறைவு என்று தெருவுக்கே அறிவிக்கிறார். தெருவில் எந்தப் புது அடுப்பும் அணையவில்லை.

முக்கியமான செய்தி. நேற்று பள்ளிக்கூடத்து மூலையில் சாலைக்காக மண்ணை வெட்டியபோது ஒரு செருப்புக் கிடைத்தது. இடதுகால். பழுப்பு நிறம், வார் அறுபடவில்லை. கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
எழிலரசி


நெய்வேலி,
11.10.1991

எழிலரசிக்கு சந்திரம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது.

உன் அக்கா நலம். இந்தக் கடிதத்தை அவள் பார்க்கவில்லை.

உன் அப்பாவிடம் சொல்: வருகிற பதினாறாம் தேதி புதன்கிழமை டாக்ஸி வைத்துக்கொண்டு தேன்மொழியை நானே கூட்டிவருகிறேன். பிரசவம் அங்கேயே நடக்கட்டும். ரோடு போட ஆரம்பித்துவிட்டதால்தான் இந்த முடிவு. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முந்தாநாள் உன் மாமா சிவசங்கர் கையில் ஒரு புது மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பார்த்தேன். எதற்கடா என்றேன். குழந்தைக்குத் தண்ணீர் காயவைக்க என்றான். குழந்தைக்குத் தண்ணீர் காயவைக்க மஞ்சளும் குங்குமமும் எதற்கு? பொட்டலத்தில் இரண்டும் இருந்தன. உன் அக்கா அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பால்காரன் வருவதற்குள் நான் இந்த முடிவை எடுத்துவிட்டேன்.

ஸ்டவ்வை மேலே பரணில் வைத்துவிட்டேன். அதைப் பற்றி நீ யாருக்கும் கடிதம் எழுதக்கூடாது.

செருப்பை வெயிலில் வைக்காதே, சுருங்கிவிடும். ஜோடி இங்கே இருக்கிறது.

சந்திரம்மாள்


மேட்டுத்தாங்கல்,
11.11.1991

மதிப்பிற்குரிய அத்தைக்கும் மாமாவுக்கும் வணக்கம். தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் வார்த்தைக் கணக்கு என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை வலி எடுத்தது. நல்ல மழை. அப்பா ஒரகடம் போய் டாக்ஸி கொண்டுவந்தார். அது தெருவுக்குள் வந்து, நம் வாசற்படியை ஒட்டி நின்றது. அம்மா உடனே ஏறவில்லை. தெரு முழுக்கப் பார்க்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காதான் “ஏம்மா, எனக்கு வலிக்குது!” என்று கத்தினாள். மதியத்துக்குள் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம். குழந்தைக்கு உங்கள் நெற்றி என்று அம்மா சொல்கிறாள். ஆடாத கட்டிலில் தூங்குகிறது.

அக்காவைக் கொண்டுவந்து விட்ட அன்று நீங்கள் முனியம்மாள் பெரியம்மா வீட்டில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தீர்களே, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “பெரிய மனுசிங்க பேச்சு உனுக்கு இன்னாத்துக்கு? போய்ப் படி” என்று துரத்திவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் உங்களைப் பற்றி மிகவும் நல்லவிதமாகச் சொல்கிறார்.

அக்கா மெலிந்திருப்பதாக அம்மா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை.

அன்புடன்,
எழிலரசி


நெய்வேலி,
18.11.1991

எழிலரசிக்கும் என் பேத்திக்கும் சந்திரம்மாளின் ஆசிகள்.

நெற்றி என்னுடையதுதான், எனக்குத் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரை உன் அம்மா முழங்கையில் தொட்டுப் பார்க்கட்டும். மூன்றாம் மாதம் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். இரண்டு கால் செருப்போடும் வருவேன்.

இங்கே வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. சிவசங்கர் நான் சமைப்பதைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். உப்பு எப்படி என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

உன் அக்காவிடம் சொல்: ஸ்டவ்வைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பின்பக்கத் தாழ்வாரத்தில், காற்றுப் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பற்றவைக்கவில்லை. அவள் பிள்ளையோடு வந்தபிறகு நல்ல நாள் பார்த்துப் பால் பொங்கட்டும். பாலை நான்தான் ஏற்றுவேன். கரண்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் முனியம்மாளிடம் அன்று கேட்க மறந்துவிட்டேன். எதிர்வீடுதானே, நீ போய்க் கேட்டு எழுது. மருமகள் அடுப்பிலிருந்து வேளைக்கு ஒரு கிண்ணம் வருமா, இரண்டா? இங்கே எனக்கு ஒரே மருமகள்தான். கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் என்ன வழக்கம் என்பதையும் கேள்.

சும்மாதான் கேட்கிறேன்.

சந்திரம்மாள்